யூஎஸ்பி கம்பி வழியாகப் பெண் பார்த்தது

விவேக் நகர், பெங்களூர்
17.10.2005

மதிப்பிற்குரிய மச்சான் பாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சரளாவைக் கட்டிக்கொண்ட குணசேகர் பணிவுடன் எழுதிக்கொள்வது. குடியாத்தத்தில் தாங்களும் வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் கூப்பிட்டால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டிவிட்டு வைக்க வேண்டியதுதான். கடிதத்தில் என்னை யாரும் மடக்க முடியாது.

நேற்று ஞாயிறு காலை யாமினியைப் பெண் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று எழுதவே கை கூசுகிறது. இது நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம். பையன் ரகுராம் நியூ ஜெர்சியில் இருக்கிறான், அவனுக்கு லீவு கிடைக்காது, அவனுடைய அக்காவும் அங்கேதான் இருக்கிறாள், இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் பெண்ணைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டால் தை மாதம் கல்யாணம் என்றீர்கள். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்களும் எதனால் தட்டிப்போயின என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணாமே என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் கேட்கக்கூட இல்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்காக்காரனுக்குக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் போனில் வழி சொல்லும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அவனுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி, பூமி உருண்டையாக இருப்பதற்கு என் பெண்ணா பொறுப்பு? இந்த மூன்றாவது இடமும் கைநழுவிப் போனால் சரளா படுத்தபடுக்கையாகிவிடுவாள். நானும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் தலை காட்ட முடியாது.

அப்போது நீங்கள் போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கேமரா ஒண்ணு வாங்குங்க மாப்ள, சொருகுங்க, பேசுங்க, அவ்ளோதான்." அந்த அவ்ளோதானைச் சொன்ன வாயில் காய்ந்த மிளகாய்ப் பொடியை வைத்துத் தேய்க்க வேண்டும். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நான் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "டூ பாயின்ட் ஓ சார், ஃபுல் ஸ்பீடு. இன்னேனு பேக்கு?" என்றார். முழு வேகம் என்ற பிறகு வேறென்ன வேண்டும் எனக்கு? சந்தோஷமாக வாங்கி வந்தேன். ராத்திரி வேலைக்குக் கிளம்பிய யாமினி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பன்னெண்டுப்பா. நானூத்தி எண்பதுதான் வேகம்" என்றாள். விசாரித்தால் விஷயம் இதுதான். யூஎஸ்பியில் ஃபுல் ஸ்பீடு என்றால் வினாடிக்குப் பன்னிரண்டு மெகாபிட். ஹை ஸ்பீடு என்றால் நானூற்று எண்பது. இரண்டு பெட்டியிலும் 2.0 என்று போட்டுக்கொள்ளலாமாம், தடையில்லையாம். முழு வேகத்துக்கும் மேலே நாற்பது மடங்கு வேகம் ஒன்று இருக்கிறது என்றால், முழு என்று எதற்குப் பெயர் வைத்தான்? அவனை நான் வேலை பார்த்த கோலார் சுரங்கத்தில் பாதி ஆழத்துக்கு இறக்கி நிறுத்தி, இதுதான் முழு ஆழம், இறங்கு என்று சொல்லிவிட்டு நான் மேலே வந்துவிடுவேன்.

மறுநாள் சண்டை போட்டு ஹை ஸ்பீடு கேமராவாக மாற்றிக்கொண்டு வந்தேன். அதைச் சொருகக் கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் போனால் அங்கே ஆயுத பூஜை நடந்து முடிந்திருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் பழசு, முன்பக்கத்து ஓட்டைகள் மெதுவானவை, பின்பக்கம் யாமினி போன வருஷம் ஒரு கார்டு வாங்கி மாட்டியதால் அங்கே உள்ளவை வேகமானவை. உங்கள் தங்கை அந்த வேகமான ஓட்டைகள் ஒவ்வொன்றுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தாள். மெதுவான ஓட்டைகளை விட்டுவிட்டாள், அவை கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் கை பட்டுப் பொட்டு அழிந்துவிடுமாம். ஏண்டி இப்படிச் செய்தாய் என்றால், "மெஷினுக்கு வாய்லதானே பொட்டு வெப்பாங்க? தையல் மெஷினுக்கு வெக்கலியா, மிக்சிக்கு வெக்கலியா, இதுக்கு மட்டும் ஓரவஞ்சனையா?" என்றாள். சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. துடைப்பக் குச்சியை விட்டுக் குடைந்தேன், குச்சி உள்ளேயே முறிந்துகொண்டது. வேறு வழியில்லாமல் முன்பக்கத்திலேயே சொருகினேன். உடனே திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எழும்பி, இந்தக் கருவி இதைவிட வேகமாக வேலை செய்யக்கூடியது என்று எழுதிக் காட்டியது. மூடினால் மறுபடி வந்தது. சொந்தக்காரர்கள்தான் இப்படிக் குத்திக் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் பேச்சு, அங்கே அவர்களுக்குச் சனி ராத்திரி பத்து. ஏழரை என்ற பேச்சே வேண்டாம் என்று சரளா ஏழு நாற்பதுக்குத் தள்ளிவைத்தாள். கம்ப்யூட்டர் இருப்பது உள்ளறையில். அங்கே சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, ஹாலில்தான் புது சோபா இருக்கிறது, பெண் ஹாலில்தான் உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே இரண்டு நீளக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து உள்ளறையிலிருந்து ஹாலுக்கு இழுத்தேன். கம்பி முனையில் நாலு வாய் உள்ள ஹப் ஒன்று, அதில் கேமராவும் மைக்கும். ஐந்து மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது என்று பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை இன்று காலைதான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அந்த ஹப்புக்குத் தனியாகக் கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் தருகிற அரை ஆம்பியரை வாங்கித்தான் எல்லோருக்கும் பங்கு வைக்குமாம். தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் வைண்டிங் இன்ஜினில் ஆளை ஏற்றி இறக்கியவன் நான். அரை ஆம்பியர் என்றால் எனக்குச் சிரிப்பு வராதா? சிரித்துவிட்டு அப்படியே மாட்டினேன்.

யாமினி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். "ரெண்டையும் ஒரே ஹப்புல போடாதீங்கப்பா. ஓடும்போது ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்றாள். அதற்குள் சரளா கரண்டியோடு ஓடிவந்தாள். "பொண்ணு பாக்கற நேரத்துல டேபிளுக்கு அடியில பூந்துனு கிடப்பியா? பட்டு இன்னாத்துக்கு ஆவும்? போயி உக்காரு." நானும் சேர்ந்துகொண்டேன். "நீ இன்னிக்கு எதையும் தொடாதம்மா. அப்பா பாத்துக்கறேன்" என்றேன். பெண் பார்க்கிற அன்றைக்குப் பெண் கையில் கம்பியா என்று எனக்கும் தோன்றியது. அவள் போய் சோபாவில் உட்கார்ந்தாள். சரளா திரும்ப அடுப்படிக்குப் போனாள். கேமரா வழியாக வருகிறவர்களுக்கும் கேசரியும் பஜ்ஜியும் போடாமல் அவளால் இருக்க முடியவில்லை, தட்டையாவது காட்டலாம் என்றாள்.

ஏழு நாற்பதுக்கு அவர்கள் திரையில் வந்தார்கள். ஆரம்பத்தில் படம் நன்றாகவே போனது, யாமினி கைகூப்பியதை உள்ளறைத் திரையில் நானே பார்த்தேன். பிறகு அவள் எதற்கோ தலையைக் குனிந்தாள். அதோடு படம் நின்றது. குனிந்தது குனிந்தபடி, கண் தாழ்ந்தது தாழ்ந்தபடி. மஞ்சள் கட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது, ஹப்புக்கு மின்சாரம் போதவில்லை, வேகம் போதவில்லை, மைக்கைக் காணவில்லை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு புகார். ஸ்பீக்கரில் அவர்கள் குரல் மட்டும் ஹால் வரைக்கும் கேட்கும்படி நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நான் மேசைக்கு அடியில் புகுந்து பிடுங்கிச் சொருகினேன், திருப்பிச் சொருகினேன், சுவாமியைக் கும்பிட்டுவிட்டுச் சொருகினேன். வெளியே வந்தபோது, "சரி, வெச்சிடறோம்" என்ற அந்த அக்காவின் குரல்தான் கேட்டது. தலைகூட நிமிர்த்தாத, கேட்டதற்குப் பதில் சொல்லாத ஒரு பெண்ணை அவர்கள் எப்படிக் கட்டிக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் ரகுராமின் அப்பா வீட்டுக்கு நேரில் போக வேண்டும். எங்கள் பெண் ஊமையல்ல, திமிர் பிடித்தவளும் அல்ல, அது பன்னிரண்டுக்கும் நானூற்று எண்பதுக்கும் நடந்த தகராறு என்று விளக்க வேண்டும். ஹப்பின் அரை ஆம்பியரையும் சொல்லுங்கள். சந்தனத்தைச் சொல்லாதீர்கள், குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள். இன்னொரு முறை பார்க்கச் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு. சொருகினால் போதும் என்று சொன்னவர் நீங்கள்தான், சொருகிக்கொண்டு நிற்பவன் நான். இந்த இடம் போனால் உங்களை என்னால் மன்னிக்க முடியும் என்று தோன்றவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். சரளா தன் அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன் என்ற பெயரைச் சுமக்கும்
குணசேகர்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ரகுராமின் அப்பாவே போன் செய்துவிட்டார். பெண்ணைப் பிடித்துவிட்டதாம். "இந்தக் காலத்துல இப்டி ஒரு பொண்ணா சம்பந்தி? குனிஞ்ச தலை நிமிரலையாம். அசையலையாம். எம்பொண்ணு அசந்துட்டா. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போவ வேணாம்னு சொன்னதுக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலையாம். அப்பறம் இன்னா, தை மாசம் வெச்சிடலாம்" என்றார். சரளா கற்பூரம் ஏற்றப் போனாள். நான் கொஞ்சம் சர்க்கரையை எடுத்துக்கொண்டு யாமினியிடம் போனேன்.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் குனிஞ்சது ஹப்புல லைட்டு எரியுதா அணைஞ்சிடுச்சான்னு பாக்கறதுக்குப்பா" என்றாள். பிறகு தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "வேலைக்குப் போவ வேணாம்னு அந்தக்கா சொன்னாங்க. நான் போவேன்னு சொன்னேன். திரும்பவும் சொன்னேன், சத்தமா சொன்னேன். மைக்கு செத்துப் போச்சு, அவங்களுக்குக் கேக்கல, சரி. நீங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?" எனக்கும் கேட்கவில்லை மச்சான். கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கம்பி வாங்கி இன்னொரு முறை பேசலாமா என்று கேட்டேன். "நான் பேசறது நல்லாக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்குப் பிடிச்சிருக்கறது நின்னுபோன படம்ப்பா, நான் இல்ல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் பஸ் ஏறிய பிறகு சர்க்கரையைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன்.

நீங்கள் ரகுராம் வீட்டுக்குப் போக வேண்டாம். நானே அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அதிர்ந்துபோய், "கம்ப்யூட்டர்ல எதனா கோளாறா சம்பந்தி?" என்று அவரே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் இல்லீங்க. எம்பொண்ணு வேலைக்குப் போவேன்னு சொல்லிச்சு. உங்களுக்குக் கேக்கல, அதான் நான் சொல்றேன்" என்றேன்.