பர்மிஷன் கேட்ட ஒரே ஆள்

மரியாதை தெரிந்தவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதற்காக நான் எதையும் செய்வேன். ஒரு முழு மைதானத்தையே தாரை வார்க்கப் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவில், ஷாதிபூர் பக்கம் எல்லாம் மேடும் பள்ளமும்தான். உதைத்த பந்து கடலைப் பார்த்து ஓடாத ஒரே இடம் அந்த மைதானம். தமிழ், பெங்காலி, தெலுங்கு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் விழுந்து எழுந்து வளர்ந்தார்கள். என் மகள் கயல் ஃபுட்பால் பழகுவதும் அங்கேதான். ஒருநாள் எதிர்வீட்டு அண்ணாச்சி, "என் பேர்ல இருக்கிற இடம், லாட்ஜ் கட்டப்போறேன்" என்றார். கயல் அன்று சாப்பிடவில்லை. தெருவே கொதித்தது. அதைப் பொது விளையாட்டு மைதானமாகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போட்டோம்.

எங்கள் வக்கீல் மித்ரா மேடம் சட்டத்தை விளக்கினார். "யார்கிட்டயும் அனுமதி கேக்காம, உரிமையோட, வருஷக்கணக்கா ஆடியிருக்கணும். அதுதான் நம்ம கேஸே!"

முதல் சாட்சி நான்தான்! அந்தப் பரவசத்தில், மேடம் பேசும்போது நான் எந்தச் சட்டை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (நீலக் கோடு போட்டது. எடுப்பாகத்தான் இருந்தது.)

விசாரணையில் அண்ணாச்சியின் வக்கீல் தேனாகக் கேட்டார். "பொங்கல் விழாவுக்கு ஐசே ஹீ குஸ் ஜாதே ஹோ? அப்படியே உள்ளே புகுந்துடுவீங்களா?"

என் மானத்தின் மேல் கை வைத்துவிட்டார்!

"சார், நாங்க அப்படிப்பட்ட ஆளுங்களா? வருஷா வருஷம் தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சு, அண்ணாச்சிகிட்ட பர்மிஷன் கேட்டுட்டுத்தான் பந்தலே போடுவேன். ஒரு தடவை அவர் மெயின்லேண்ட் போயிருந்தார். போன் போட்டுக் கேட்டேன்!"

"பஸ், இத்னா ஹீ. இது போதும்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். மித்ரா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டார் போல என்று நினைத்தேன். வெளியே வந்ததும் கயல் கேட்டாள். "அப்பா, நீங்க எந்தப் பக்கம்?"

அப்போதுதான் உறைத்தது. அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அடுத்து அண்ணாச்சி. அவருடைய வக்கீல் வெற்றிச் சிரிப்போடு, "ஆக, எல்லாரும் உங்க பர்மிஷனோடதான் ஆடினாங்க?" என்றார். "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் முடிந்தது.

ஆனால் அண்ணாச்சிக்கு எத்தனையோ வருஷத்து ஆத்திரம். பொங்கியதில் ஹிந்தி மறந்து தமிழ் வந்துவிட்டது.

"எவன் கேட்டான்? இந்தத் தம்பி ஒருத்தன்தான் கேப்பான்! மத்த பயலுவ எல்லாம் அப்பன் வீட்டு இடம் மாதிரி வந்து ஆடுதானுவ! பால்கனில நின்னு பாத்துக்கிட்டுதான இருக்கேன்!"

தமிழ் தெரிந்த கிளார்க் அதை ஒரு வார்த்தை விடாமல் ஹிந்தியில் சொன்னார். மித்ரா மேடம் துள்ளி எழுந்தார். "அதேதான் சார்! அதைத்தான் நாங்களும் சொல்றோம்!"

மைதானம் பொது மைதானமாகப் பதிவானது. அன்றைக்குத் தெருவில் வெடிச்சத்தம் ஓயவில்லை. நானும் ஆடினேன், வெட்கமே இல்லாமல்.

"ஊருக்கெல்லாம் அது உரிமை, எங்கப்பாவுக்கு மட்டும் சலுகை" என்று கயல் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். காலையில் நான் நடக்கப் போனால் பொடிசுகள் கோல்போஸ்ட் பக்கமிருந்து கத்துகின்றன. "அங்கிள், பர்மிஷன் லியா க்யா? வாங்கியாச்சா?"

நான் காதில் வாங்குவதில்லை. ஆனால் கண் தானாக எதிர்வீட்டு பால்கனிக்குப் போகிறது. அண்ணாச்சி பெருந்தன்மையாகத் தலையசைக்கிறார். அதற்குப் பிறகுதான் என் கால் உள்ளே போகிறது.