வெளியே தெரியாத பள்ளிக்கு வந்த ஒரே விண்ணப்பம்

அன்புக்கும் தற்சமயம் கோபத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, கார் மூவரும் நலம். அங்கே நீயும் உன் கம்ப்யூட்டர்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால், பேச்சு சூடு பிடிக்கும் நேரம் பார்த்து "மாமா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது.

என் கதை உனக்குத் தெரியும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஓட்டுநர் பள்ளி ஆரம்பித்து, வாசலில் பலகை மாட்டி, ஆசிரியர் பக்கமும் பிரேக் வைத்த கார் ஒன்றை வாங்கி நிறுத்தினால், ஒரு மாணவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கார் ஓட்டச் சொல்லித்தர உட்கார்ந்தவன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த மாத முடிவுக்குள் ஓர் ஆளாவது வராவிட்டால் காரை விற்றுவிட்டு வீட்டில் முடங்கிவிடுவது என்று முடிவு செய்த வேளையில்தான் நீ வந்தாய். "ஒரு வெப்சைட் போட்டா ஆள் தானா வரும் மாமா" என்றாய். முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதற்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கினாய். "இது மெஷினுக்குள்ள மெஷின். நிஜத்துல இருக்காது, ஆனா இருக்கற மாதிரியே வேலை செய்யும்" என்றாய். என் பள்ளியும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

நீ சொல்லிக்கொடுத்த கட்டளைகளை அன்றிலிருந்து தவறாமல் கருப்புத் திரையில் அடிக்கிறேன். காலையில் அப் என்று அடித்தால் மெஷின் எழுந்துகொள்ளும். மாலையில் ஹால்ட் என்று அடித்தால் படுத்துக்கொள்ளும். டெஸ்ட்ராய் என்று மட்டும் அடித்துவிடக் கூடாது, அடித்தால் மெஷின் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று பயமுறுத்தியிருக்கிறாய் அல்லவா, அந்த டி எழுத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு வியர்க்கிறது. சைட் அழகாகத் திறக்கிறது. முகவரியைக் காரின் பின்கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டினேன். அதைப் பார்த்த பல் டாக்டர், "திறக்கவே மாட்டேங்குதே சார்" என்றார். "உங்க போன் பழசு டாக்டர்" என்றேன். பாவம், புதுப் போன் வாங்கினார். அதிலும் திறக்கவில்லை என்றதும் "அப்ப உங்க கைதான் சரியில்ல" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இனி பல்வலி வந்தால் எங்கே போவேன் என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரரைக் கையோடு இழுத்துவந்து என் கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினேன். "இங்க திறக்குதில்ல? அங்க மட்டும் ஏன் திறக்கல?" என்று கேட்டேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே கடைக்குத் திரும்பிவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு நேற்று நீ போனில் என்ன சொல்கிறாய்? "மாமா, அது சோதனைக்காகப் போட்டது. அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தெரியும், வெளிய ஒருத்தரும் பார்க்க முடியாது. ஞாயித்துக்கிழமை வந்து வெளிய எடுத்து வச்சுட்டு, அந்த மெஷினை அழிச்சுடறேன்." யார் காதில் பூ சுற்றுகிறாய் மாப்பிள்ளை? வெளியே ஒருவரும் பார்க்க முடியாதென்றால், போன வாரம் எனக்கு எப்படி விண்ணப்பம் வந்தது?

ஆமாம், வந்தது! பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயர் என்ற இடத்தில் "ஒரு பெண்" என்று இருந்தது. வயது என்ற இடத்தில் "எதற்கு?" என்று இருந்தது. கீழே, "ஆசிரியர் கத்துவார் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?" என்று ஒரு கேள்வி வேறு. இதைக் கிளப்பிவிட்டவன் பின்தெரு ஓட்டுநர் பள்ளிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். நான் அசரவில்லை. "தங்களை எங்கள் பள்ளி அன்புடன் வரவேற்கிறது. தாங்கள் தவறு செய்தாலும் ஆசிரியர் மென்மையாகவே பேசுவார். தங்களுக்கு எந்த நேரம் தோதோ அதுவே எங்கள் நேரம்" என்று அதிலேயே பதில் போட்டேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று மறுபடி வந்தது. ஓடிப்போய் உன் அக்காவிடம் சொன்னேன். "நல்லதுதானே, முதல்ல வந்து சாப்பிடுங்க" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகவே நீ வர வேண்டாம். எதையும் எங்கேயும் எடுத்து வைக்க வேண்டாம். அந்தப் பெண்மணி எந்த ஊரிலிருந்து எழுதுகிறார் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல். தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, காரை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். நீ போகும் வழியெல்லாம் சிக்னல் பச்சையாகவே விழட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
(பள்ளி முதல்வர், ஆசிரியர், கார் துடைப்பவர்)

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்க, வெளிய யாரும் பார்க்க முடியாதுன்னு தம்பி சொல்றான். இந்த வீட்டுக்குள்ள உங்களை விட்டா வேற யாரு இருக்கா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நாங்கள் பூனைகூட வளர்க்கவில்லை.

"சாப்பிடாம ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க. ஒரு விண்ணப்பம் வந்தா தெம்பா இருப்பீங்களேன்னு போட்டேன். கத்துக்கற எண்ணமே எனக்கு இல்ல. நீங்கதான் தங்களை, தாங்கள்னு எழுதிட்டீங்க. எனக்கு எந்த நேரம் தோதுன்னு கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க கேட்டதே இல்லையே. அதான், நிஜமாவே கத்துக்கலாமான்னு யோசிச்சுட்டிருக்கேன்" என்றாள்.

மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா, சைட்டை ஊர் உலகத்துக்கே தெரிகிற மாதிரி வெளியே எடுத்து வை. பல் டாக்டரிடம் எனக்காக நீயே பேசு. காரை விற்கப்போவதில்லை. ஆனால் அந்த மெஷினை மட்டும் அழித்துவிடாதே. என் முதல் மாணவியின் விண்ணப்பம் அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொரு பி.கு.: முதல் வகுப்பு இன்று முடிந்தது. தெருமுனைவரை ஓட்டினாள். ஒரே ஒரு முறைதான் கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆசிரியர்மேல் புகார் போட்டுவிட்டாள். "தாங்கள்" போட்டுப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.