எப்படியோ போய்ச் சேர்ந்தேன்

நூலகத்துக்குப் போய்த் தன் மனைவி என்ன பேசிவிட்டு வந்தாள் என்று சாகும்வரை கேட்பதில்லை என விசிறிக்காரர் சபதம் எடுத்தார். எடுத்தது திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் அந்தச் சபதம் யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை மத்தியானமே அது உடைந்துவிட்டது.

ஊரில் அவருக்கு விசிறிக்காரர் என்றுதான் பெயர். கடைத்தெரு முனையில் மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்வது மாதிரி அவர் ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொள்வார். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, துக்கத்துக்குப் போனாலும் சரி, உள்ளே நுழைந்ததும் முதலில் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மனிதர்களைப் பார்ப்பார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களுடைய கையெழுத்தையே தடுமாறாமல் படிக்கிறவளுக்குப் புருஷன் முகத்தைப் படிப்பது ஒரு வேலையே அல்ல.

பொது நூலகத்தில் ‘நம்ம ஊர் வாரம்’ என்று அறிவித்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஊரின் பழைய புகைப்படங்கள். மாடியில் ஊர் வரலாறு பற்றிய பேச்சும் உள்ளூர்க்காரர்கள் எழுதிய கவிதைகளின் வாசிப்பும். பின்பக்கத்துச் சின்ன அறைக்குக் குரல் அறை என்று பெயர் வைத்து, அதில் ஒரு பதிவுக் கருவியை வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் தன் ஊரைப் பற்றிப் பேசலாம். பேசியதை யார் வேண்டுமானாலும் ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழாவில் சில குரல்களை மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார்கள்.

மனைவி இதையெல்லாம் ஆசையாக வந்து சொன்னபோது விசிறிக்காரர் சிரித்தார். இந்த ஊருக்கு என்ன வரலாறு வேண்டிக்கிடக்கிறது, ரெண்டு தெருவும் ஒரு பஸ் நிலையமும் அடிக்கடி வெடிக்கிற டிரான்ஸ்பார்மரும்தானே என்றார். அந்தப் பக்கம் தன் கால் படாது என்றும் சொன்னார். அவள் சரி என்றாள். சனிக்கிழமை தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், கேஸ் தீரப்போகிறது என்றாள். அவ்வளவுதான்.

அவர் காத்திருந்தார். சாப்பிடும்போது சொல்வாள் என்று நினைத்தார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வரச் சொல்ல வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பின்னாலேயே சுற்றி வந்தார். காலில் ஏதாவது குத்திவிட்டதா என்று கேட்டாள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் அவள் மருந்துக்கடையிலிருந்து வந்து, அன்றைக்கு யார் வந்தார்கள், யாருக்கு என்ன இருமல், எந்தக் கிழவர் எந்தக் கிழவியைப் பார்க்க மருந்துச் சீட்டே இல்லாமல் வந்து நின்றார் என்று கொட்டித் தீர்ப்பாள். அவர் விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டே ‘ம்’ கொட்டுவார். கடை பெரிதானது. ‘ம்’ குறைந்தது. ஒருநாள் ‘ம்’ நின்றது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்துக் கதையும் நின்றது. நின்ற தேதி அவருக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை, ஊருக்குச் சொல்லக் கதை வைத்திருந்தவள் தனக்கு மட்டும் கேஸ் கணக்கைச் சொன்னபோதுதான் நின்றதே உறைத்தது. அந்தப் பேச்சுக்காக மனுஷன் ஏங்கிப்போனார். ஏக்கத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் சபதம் எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை குழாய்க்காரன் கடைக்கு வந்தான். ஊரில் பாதி வீட்டுக் குழாய்களை அடைத்தும் திறந்தும் விட்டவன். வந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டான்.

“அண்ணே, அண்ணி பேசினதை நேத்து நூலகத்துல கேட்டேன். அழுதுட்டேன்ணே.”

“அப்படி என்ன பேசினா?”

“அதை நான் சொன்னா நல்லா இருக்காதுண்ணே. நீங்களே போய்க் கேளுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டான். நாள் முழுக்கத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தே பழகியவன் அவன். அவன் கண்ணிலேயே தண்ணீர் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்காது. விசிறிக்காரர் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். மனைவி மருந்துக்கடையில் இருக்கும் நேரம்தான். சந்து வழியாக நூலகத்துக்கு நடந்தார்.

நூலகர் அம்மா கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவரைப் பார்த்ததும் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“குரல் அறை ஃபேன் பாக்க வந்தீங்களா? உங்க வீட்டம்மாகிட்ட சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சே.”

“இல்லம்மா. வரலாறு கேக்க வந்தேன்.”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். தான் வந்ததை வீட்டில் சொல்லிவிட வேண்டாம் என்று விசிறிக்காரர் கெஞ்சினார். யார் எதைக் கேட்டார்கள் என்று வெளியே சொல்வது நூலகத்தின் வழக்கமே இல்லை என்று சொல்லி, அந்த அம்மா அறையைத் திறந்து விட்டார்.

ஹெட்போனை மாட்டினார். மனைவியின் குரல் வந்தது. அதோடு தலைக்கு மேலே கடக் கடக் என்ற சத்தமும் வந்தது. அந்த விசிறி ஒரு சொல்லை விடும், அடுத்த சொல்லை விழுங்கும். இரண்டு நிமிடம் பொறுத்தார். அவர் தொழிலில் இருக்கிறவருக்கு இரண்டு நிமிடம் என்பதே பெரிய தவம். பிறகு நிறுத்திவிட்டு மேஜைமேல் ஏறினார். கம்பியின் போல்ட் தளர்ந்திருந்தது. முடுக்கினார். இறக்கை ஒன்று லேசாக வளைந்திருந்தது. நிமிர்த்தினார். கீழே இறங்கி சுவிட்சைப் போட்டார். விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. இப்போது முதலிலிருந்து கேட்டார்.

அவள் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசினாள். பழைய நூலகத்தின் மரப்படிகளைப் பற்றிச் சொன்னாள். பத்தொன்பது வயதில் நாலு தோழிகளோடு சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதைச் சொன்னாள். ஊர்க்காரர்கள் பாடிய பாட்டுகளையும் ஊர்ப் பெயர் வந்த கதைகளையும் வீடு வீடாகக் கேட்டு எழுதி, நாலு இதழ்களை நூலக மேஜையில் வைத்தார்களாம். ஐந்தாவதற்குக் காகிதத்தில் கோடுகூடப் போட்டாகிவிட்டதாம்.

“அப்புறம் எங்க எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு” என்றாள்.

விசிறிக்காரர் நிமிர்ந்தார். எல்லாருக்கும் என்றால் ஐந்து பேருக்கும். ஐந்து புருஷன்களில் அவர் ஒருவர். ஐந்தில் ஒரு பங்கு கிடைத்துவிட்டது. மீதியும் வரும் என்று நம்பினார்.

“அந்த வருஷம் என் வாழ்க்கையே மாறிப்போச்சு” என்றாள். அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். “ஆத்துப் பாலம் திறந்தாங்க.”

காலரை விட்டார். இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. பெரிய வெள்ளம் வந்த கதையை ஆரம்பித்தாள். இனித் தப்பவே முடியாது என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம். இடுப்பளவு தண்ணீர். மருந்துக்கடைச் சாவி அவளிடம் இருந்தது. நோயாளிகள் அங்கே காத்துக்கிடந்தார்கள். அவளைத் தோளில் உட்காரவைத்து இரண்டு தெரு தூக்கிக்கொண்டு போனவர் வேறு யாரும் இல்லை, இவரேதான். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“அவ்வளவு தண்ணியில மருந்துக்கடைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தேன்” என்றாள்.

பதிவு முடிந்தது. விசிறிக்காரர் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் தன் பெயர் ‘எப்படியோ’ என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

வீட்டில் கேட்க முடியாது. கேட்டால் நூலகத்துக்குப் போனது தெரிந்துவிடும். சாப்பிடும்போது வெள்ளம், பாலம் என்று இரண்டு மூன்று தடவை பேச்செடுத்துப் பார்த்தார். அவள் குழம்பை நீட்டினாள். சரி, ஊர் வரலாற்றில் பெரிய பிழை நடந்திருக்கிறது, அதை நாமே திருத்திவிடுவோம் என்று முடிவுகட்டினார். வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி ஷட்டரை இறக்கினார். பெயர் வேண்டாம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, கருவிக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு தெரு, இடுப்பளவு தண்ணீர், தோள்வலி மூன்று வாரம் என்று கணக்காகச் சொல்லிவிட்டு வந்துவிடுவதாகத்தான் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு, நிறைவு விழாவுக்கு நீங்களும் வாங்க என்றாள். உன் குரல் வரும்போது கூட இருந்தால்தானே மரியாதை என்று அவரும் பெருந்தன்மையாகக் கிளம்பினார். வாசலில் எல்லாருக்கும் டீயும் க்ரீம் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மண்டபத்தில் அதிகம் இடம் இல்லை. மூன்றாவது வரிசையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவருடைய குரலும் படகோட்டி ஒருவருடைய பாட்டும் ஒலித்தன. பிறகு நூலகர் அம்மா மைக்கில், “அடுத்தது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மின்விசிறி மெக்கானிக்” என்றார்.

அந்த ஊரில் மின்விசிறி மெக்கானிக் ஒரே ஒருவர். மூன்று வரிசைத் தலைகள் திரும்பின. விசிறிக்காரர் அண்ணாந்து மண்டப விசிறியைப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. ஒலிபெருக்கியில் அவருடைய குரல் தொண்டையைச் செருமியது.

“வெள்ளத்துல மருந்துக்கடைக்கு ஒரு அம்மா எப்படியோ போய்ச் சேரல. நான் தூக்கிட்டுப் போனேன். பாதி வழியில என் காலு குழியில இறங்கிடுச்சு. எனக்குப் பயம். அவளுக்கும் பயம்தான். ஆனா அவ என் தலையைப் பிடிச்சுக்கிட்டு, ஏதோ பழைய பாட்டு, இந்த ஊர்ப் பாட்டு, மெதுவா பாடிக்கிட்டே வந்தா. அந்தப் பாட்டுக்காகத்தான் நான் நடந்தேன். கடை வந்தப்போ, இன்னும் ரெண்டு தெரு இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு. அதை நான் அவகிட்ட சொல்லல. அவ அப்பல்லாம் நிறைய பேசுவா. நான் நிமிர்ந்து பாக்காம காயில் சுத்துவேன். இப்ப பேசறதில்ல. எனக்கு அந்தப் பேச்சு வேணும். அஞ்சாவது பத்திரிகைக்குக் கோடு போட்டு வெச்சாங்களாம். அதுல அவ என்ன எழுத இருந்தாள்னுகூட நான் கேட்டதில்ல. கேக்கணும். வீட்டுல கேக்க வாய் வரல, அதான் இங்க வந்தேன்.”

தோள்வலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

விழா முடிந்து இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

“கோடு போட்ட தாள் இன்னும் இருக்கு” என்றாள் அவள். “எழுதறேன். எழுதி எழுதி உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். தலையை நிமிர்த்திக் கேக்கணும்.”

அவர் தலையாட்டினார். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“நான் நூலகத்துக்குப் போய்க் கேட்டது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“புதன்கிழமை புத்தகம் மாத்தப் போனேன். ரெண்டு வருஷமா கத்திக்கிட்டிருந்த ஃபேன் கம்முனு ஓடுது. இந்த ஊர்ல கூப்பிட்டா வராம, கூப்பிடாம வந்து ரிப்பேர் பண்றவரு எத்தனை பேரு இருக்காங்க?”

“அப்போ குழாய்க்காரன் அழுதது?”

“அவன் அந்த ரூம் பக்கமே போகல. நான்தான் சொல்லச் சொன்னேன். கண்ணைக் கொஞ்சம் கசக்கிக்கோன்னும் சொன்னேன்.”

விசிறிக்காரர் தெருவில் நின்றேவிட்டார். “அந்த ‘எப்படியோ’?”

“கண்ணாடி முன்னாடி நின்னு மூணு தடவை சொல்லிப் பாத்துட்டுப் போனேன். தூக்கிட்டுப் போனீங்க, இறக்கிவிட்டீங்க, ஃபேன் பாக்கப் போயிட்டீங்க. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு முப்பது வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். உங்களைப் பத்தி நல்லதா நாலு சொல்லியிருந்தா, கேட்டுட்டு வந்து சந்தோஷமா தூங்கியிருப்பீங்க.”

அவருக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. குரலை இறக்கிக் கேட்டார்: “சரி, என்னைப் பத்தி நிஜமாவே ஒண்ணும் பேசலியா?”

“பேசினேனே. அன்னிக்கு ரெண்டு பதிவு பண்ணினேன். ரெண்டாவது முழுக்க நீங்கதான். பதினஞ்சு நிமிஷமும்.”

“நாளைக்குக் காலையில போய்க் கேட்டுடறேன்.”

“முடியாது. பேசினவங்க விரும்பினா அவங்க சொல்ற தேதி வரைக்கும் பூட்டி வைப்பாங்க. நான் இருபத்தஞ்சு வருஷம்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தார். எண்பத்து மூன்று. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக இப்போதே மனசு அடித்துக்கொண்டது.

“அதுவரைக்கும் நான் இருக்கணுமே” என்றார் பரிதாபமாக.

“இருக்கணும்னுதான் போட்டேன்” என்று அவள் கையை நீட்டினாள். “சர்க்கரை இருக்கிற உடம்பு. முதல்ல, விழாவுல எடுத்துச் சட்டைப் பையில ஒளிச்சு வெச்சிருக்கீங்களே ரெண்டு க்ரீம் பிஸ்கட், அதை இப்படிக் குடுங்க.”