அன்பிவட்

என் மனைவியை எப்படியும் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பதறாதீர்கள், சாயம் பூசும் திட்டம் எதுவும் இல்லை. ஆபீசில் எனக்கு ரிப்போர்ட் போடும் வேலை. இலக்கை எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதிலிருந்து எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. மனைவிக்குக் கை எப்போதும் தையல் மிஷினில், காது அவள் அக்காவின் போனில். ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை தைக்கிறாள். நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வீட்டில் என்னைக் கூப்பிடுவது பிரிட்ஜ் மட்டும்தான். கதவைச் சாத்த மறந்தால் 'கீங் கீங்' என்று கூப்பிடும். சாத்திவிட்டால் அதற்கும் நான் வேண்டாம்.

என்னோடு கொஞ்சம் பேசேன் என்று நேராகக் கேட்டிருக்கலாம். இந்த வயதில் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டேன்.

முதலில் இலக்கு. பேச்சு, சேர்ந்து டீ, சேர்ந்து நடை என்று ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை முறை என்று போட்டேன். நடந்ததைத் தனியாகக் குறித்துவந்தேன். பழக்கதோஷம், அதில் பேச்சு, டீ, நடை எல்லாம் பக்கவாட்டில் வரிசையாகப் போய்விட்டன. ஒரு அட்டவணை நின்றுகொண்டிருந்தது, இன்னொன்று படுத்திருந்தது. எங்கள் குடித்தனமும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? குறுக்கே கிடப்பதை நெடுக்கே நிறுத்த ஒரு வித்தை இருக்கிறது. இங்கிலீஷில் அன்பிவட் என்று பெயர். நிறுத்தினேன். இலக்குக்குப் பக்கத்தில் நடந்தது வந்து நின்றது. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். அக்காவிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மிஷினை நிறுத்தினாள். எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

"மேல என்னங்க, அன்புன்னு போட்டிருக்கு?"

"அன்பு இல்லம்மா. அன்பிவட். குறுக்க இருக்கறத நெடுக்க மாத்தறது."

"அதானே பார்த்தேன். நீங்களாவது, அன்புன்னு எழுதறதாவது."

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். நடைக்கு ஒருநாளாவது தன்னைக் கூப்பிட்டேனா என்று கேட்டாள். கூப்பிடவில்லை. அவளாகப் புரிந்துகொள்வாள் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதுதான் மிச்சம்.

"இந்த இலக்கெல்லாம் யாரு வச்சது?"

"நான்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"ஆபீஸ்லயும் யாரும் கேட்டு வைக்கறதில்ல."

"சரி, எட்டலைன்னா அங்க என்ன செய்வாங்க?"

இத்தனை நாள் கழித்து என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. யோசிக்காமல் வாயை விட்டேன்.

"மானேஜர் இலக்கைக் குறைச்சிடுவார். எல்லாம் பச்சையாயிடும்."

"அப்ப நீங்களும் குறைச்சிடுங்க."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. என் வாயாலேயே என்னை மடக்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் குறைத்தேன். பேச்சு, பூஜ்யம். டீ, பூஜ்யம். நடை, பூஜ்யம். என் உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு வேண்டியது பச்சையில்லை. அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

மறுநாள் சாயங்காலம் துணிந்து மிஷின் பக்கத்தில் போய் நின்றேன். நடக்கப் போகலாமா என்று கேட்க வாய் திறந்தேன். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்தபடி நிமிர்ந்தாள்.

"இன்னும் என்னங்க? அதான் எல்லாம் பச்சையா இருக்கே."

நான் சமையலறைக்குப் போய், பிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துவிட்டு நின்றேன்.