துரைக்கு ஒரு கால்சட்டை

துரையின் கால் குணமாகிவிட்டது. தையல்காரருக்கு அன்றைய தலைவலியே அதுதான்.

துரை ஒரு மட்டக்குதிரை. தைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்ன வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு இப்போது ஒரு வேன் வந்துவிட்டதால், பின்கட்டுக் கொட்டகையில் ஓய்வாக இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வெள்ளை முடி அடர்ந்து, நாலு காலுக்கும் காலுறை மாட்டினதுபோல இருக்கும். அழகுதான். ஆனால் அந்த முடிக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் குடியேறி, அரிப்பும் பொருக்குமாக வருஷக்கணக்கில் அவரைப் படுத்தி வந்தன.

"இது ஒரேயடியா ஒழியுற வியாதி இல்லைங்க. கூடவே வச்சுக்கிட்டு சமாளிக்கணும். குடும்பம் நடத்துறோம்ல, அந்த மாதிரி," என்று கால்நடை டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

முடியை ஒட்டக் கத்தரிக்க வேண்டும். வாரம் ஒருமுறை மருந்துத் தண்ணீரில் கழுவி, பொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பொருக்கைப் பிய்க்கவே கூடாது. களிம்பு தடவ வேண்டும். கீழே பரப்பும் வைக்கோல் மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும். தையல்காரர் இதில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மனைவி தலை காயவைக்கும் மெஷினைக்கூடக் கொட்டகைக்குக் கடத்திக்கொண்டு போனார். குனிந்து குனிந்து அவருடைய இடுப்புதான் கழன்றது.

ஒருநாள் குனிந்தவர் நிமிர முடியாமல் நாற்காலியைத் தேடிக்கொண்டே வீட்டுக்குள் வர, மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசாம அதை யாருக்காவது வித்துடுங்க," என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டார் தையல்காரர். மனைவி சொல்லி மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். துரையை விற்கத் தையல்காரருக்கு மனசே இல்லை. ஆனாலும் வாயைவிட்டு வந்தது வந்ததுதான்.

விஷயம் கேள்விப்பட்டு சவாரி வாத்தியார் ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவர். துரையின் சாதுவான குணத்தில் மயங்கிப்போய், கால் சுத்தமானதும் வாங்கிக்கொள்கிறேன், மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். குறை சொல்ல முடியாத நல்ல மனிதராக இருந்து தொலைத்தார்.

அவர் இன்று காலை வரப்போகிறார். இந்த நேரம் பார்த்து, துரையின் நாலு காலும் பளிச்சென்று இருக்கின்றன.

தையல்காரர் கடைக்குள் போனார். சட்டைக் காலருக்குள் கேன்வாஸ் ஒட்டுகிற பசையைக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு பிடி டீத்தூளைப் போட்டுக் குழைத்தார். பின்னங்கால் இரண்டிலும் திட்டுத் திட்டாக அப்பினார். காய்ந்ததும் அசல் பொருக்கு தோற்றது. தொழில் சுத்தம் அப்படி.

வாத்தியார் வந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "பாவங்க, முழுசா ஆறட்டும். நான் இன்னொரு நாள் வர்றேன்," என்று கிளம்பிப் போனார். தையல்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று மனைவி கேட்காமலே இரண்டாவது முறை டீ போட்டுக் கொடுத்தாள். ஏமாற்றத்தை எவ்வளவு பெருந்தன்மையாக மறைக்கிறாள் என்று தையல்காரருக்கு நெஞ்சு உருகியது.

உருகின நெஞ்சு உறைகிறதுக்குள் அடுத்த இடி விழுந்தது. "உங்க இடுப்பை வச்சுக்கிட்டு நீங்க வைத்தியம் பார்த்தது போதும். இனிமே கால் கழுவுறது என் வேலை," என்றாள் மனைவி.

தண்ணீர் பட்டால் பசை இளகும். இளகினால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். தையல்காரர் அவசர அவசரமாக ஒரு சமரசம் பேசினார். துரை பின்னங்காலால் உதைப்பார், அது ஆபத்து, அதனால் பின்னங்கால் தன் பொறுப்பு; முன்னங்கால் அவள் பொறுப்பு. அந்தக் குதிரை தன் வாழ்நாளில் யாரையும் உதைத்ததில்லை. பழியைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வைக்கோல் தின்றது.

மனைவி அதற்கு ஒப்புக்கொண்டாள். ஆனால் முன்னங்காலைக் கவனிக்கிறபோதெல்லாம் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கக் கையையும் நீட்டினாள். வேறு வழியில்லாமல் தையல்காரர் கத்திரிக்கோலை எடுத்தார். பள்ளிக்கூடச் சீருடை தைத்ததில் மிஞ்சின நீலத் துணியில் துரைக்கு ஒரு கால்சட்டை தைத்தார். இடுப்பில் நாடா, வாலுக்குத் தனி வழி, பழக்க தோஷத்தில் ஒரு பாக்கெட்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டாள் மனைவி.

"மருந்துல தூசி படக்கூடாதாம்."

தெருவுக்கு விஷயம் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளெல்லாம் வேலி ஓரம் நின்று, எந்த வகுப்பு என்று துரையை விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், என் பையனுக்குத் தைக்க மட்டும் நேரமில்லையா என்று சண்டைக்கு வந்தார். இதற்கு நடுவே மனைவி ஓட்ஸ் தீர்ந்துவிட்டது, வாங்கி வாருங்கள் என்று அடிக்கடி கடைக்கு அனுப்பினாள். சர்க்கரை வியாதிக்காக அவள் காலையில் சாப்பிடுவது அது. குதிரையால் வந்த கவலையில் கூடுதலாகச் சாப்பிடுகிறாள் போலும் என்று நினைத்து, அவர் பெரிய பாக்கெட்டாகவே வாங்கி வந்தார்.

வாத்தியார் மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பினார். பழைய பசையைக் கழுவிவிட்டுப் புதிதாக அப்பலாம் என்று தையல்காரர் கொட்டகைக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

துரையின் முன்னங்கால் இரண்டிலும் பொருக்கு.

அந்தப் பக்கம் அவர் கையே வைக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். பழுப்பாக, கட்டி கட்டியாக, அசல் பொருக்கு. போதாததற்கு எறும்பு வேறு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. துரை தொம் தொம்மென்று காலை உதறினார்.

தையல்காரர் வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டார். வியாதி நிஜமாகவே திரும்பிவிட்டது. ஈரமே ஆகாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்ன பிறகும், பசையை அப்புவதும் கழுவுவதுமாகக் கொட்டகையைச் சதசதவென்று ஆக்கினது அவர்தான். துரை தன்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசையில் துரைக்கே தீங்கு செய்துவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கியது.

டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று எழுந்தார். மனைவி வாசலை மறித்தாள்.

"டாக்டரெல்லாம் எதுக்குங்க? தானா உதிர்ந்துடும்."

"எறும்பு ஏறுதும்மா."

"எறும்புதானே, அதைத் தட்டி விட்டாப் போச்சு." இவ்வளவு கல்நெஞ்சமா என்று தையல்காரர் திகைத்துப்போனார்.

அதற்குள் வாத்தியார் வந்து இறங்கினார். கூடவே டாக்டரம்மாவும் கம்பவுண்டரும். நல்ல மனிதரில்லையா, தன் பொறுப்பிலேயே கையோடு அழைத்து வந்துவிட்டார். தையல்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியின் முகத்திலும்தான். அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

டாக்டரம்மா துரையின் கால்சட்டையை ஒரு நிமிஷம் பார்த்தார். பாக்கெட்டை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தார். "நாடாவை அவிழுங்க," என்றார். கம்பவுண்டர் சீசாவை எடுத்துக்கொண்டு முன்னங்கால் பக்கம் உட்கார்ந்தார்.

அதற்கு மேல் தையல்காரரால் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா, பின்னங்கால்ல இருக்கறது வியாதி இல்லை. காலர் பசை. நான்தான் ஒட்டினேன்," என்றார். "எனக்கு இவரை விக்க மனசு வரலை. இவகிட்ட சரின்னு சொல்லிட்டேன், மாத்திப் பேச வாய் வரலை. ஆனா முன்னங்கால்ல வந்திருக்கறது நிஜம். என்னாலதான் வந்துச்சு. நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். காலை மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுத்துடுங்க."

வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். டாக்டரம்மா பின்னங்காலில் ஒரு திட்டை நகத்தால் நெம்பி, முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. துரை மட்டும் குனிந்து தன் முன்னங்காலைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தார்.

கம்பவுண்டர் விரலில் எடுத்த பொருக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தலைப்பைப் பிடித்திருந்த தையல்காரர் மனைவியின் கையில், வளையலோடு ஒட்டிக் காய்ந்திருந்ததைப் பார்த்தார்.

"ஏன்க்கா, நீங்க ஒட்டின ஓட்ஸ்ல சர்க்கரை வேற போட்டீங்களா? துரை ஒரு காலை முழுசா சாப்பிட்டே முடிச்சிட்டாரே."