அரைப்பேர் சாரின் வட்ஸ்அப் பெரட்டு

ஊவா மாகாணத்தில் சூரியனுக்கே பெரட்டு எடுக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பாடசாலையின் கணக்கு சார்தான். காலை ஐந்தே முக்காலுக்கு அது தலைகாட்டவில்லை என்றால் அதற்கும் ஓர் அரைப்பேர் போட்டிருப்பார். அப்புத்தளைப் பனிக்குள் சூரியன் இத்தனை காலம் தப்பித்தது, அதற்கு வட்ஸ்அப் இல்லாத ஒரே காரணத்தால்தான்.

தேயிலைத் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். காலையில் தொழிலாளர்களை நிற்க வைத்து, பேர் பதிந்து, வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. சொன்ன அளவு கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் வேலைதான் செய்ததாக அர்த்தம். சார் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பதினோராம் ஆண்டு வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் வைத்துவிட்டார். முழுக் கணக்கும் செய்து படம் எடுத்து அனுப்பினால் முழுப்பேர், பாதி செய்தால் அரைப்பேர். அவருடைய சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் எங்கள் பாடசாலை அதிபரே வாய் தவறி, "அடுத்து அரைப்பேர் சார் பேசுவார்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் பேனா தேடினார்.

அந்த ஐந்தே முக்காலுக்கும் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளைகளுக்கென்று தனிப் போன் ஏது? வீட்டுக்கு ஒரு போன். ஆறரைக்கெல்லாம் அது அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடும். சாயந்தரம் சார்ஜ் செத்து வரும், அதற்குப் பிறகு அப்பாவின் டிக்டொக். ஆகவே விடியற்காலையில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தைச் சார் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைங்க கொஞ்சம் தூங்க வேணாமா சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கொழுந்து தூங்குதா டீச்சர்?"

"தூங்காதா சார்?"

கொஞ்சம் யோசித்தார். "நீங்க தமிழ் டீச்சர். விஞ்ஞானத்துல தலையிடாதீங்க" என்று போய்விட்டார்.

குழுவில் இரண்டுக்குத்தான் அனுமதி. ஒன்று 'வந்தேன்' என்ற சொல். மற்றது கணக்கின் படம். ஒரு தகப்பன் அரைத் தூக்கத்தில் எழுந்து, 'படம் அனுப்பவும்' என்று சார் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, சாரத்தோடு வாசலில் நின்று தன்னையே படம் எடுத்து அனுப்பினார். சார் அதையும் திருத்தினார். 'செய்கை உண்டு. விடை இல்லை. அரைப்பேர்.'

ரோஜாப்பூப் போட்டுக் காலை வணக்கம் சொன்னவர்களை உடனே குழுவிலிருந்து விரட்டினார். அப்படி விரட்டப்பட்டவர்களில் எங்கள் அதிபரும் ஒருவர். பாவம் மனுசன், ஆசிரியர் அறைக்கு வந்து, "சார், என்னையத் திரும்பச் சேத்துக்கங்களேன்" என்று கெஞ்சினார்.

"இன்னிக்கி முடியாது. நாளைக்கி வாங்க, பாப்பம்."

தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்குக் கிடைக்கும் பதில் அது. அதிபர் மறுநாள் வந்தார்.

ஆரம்பத்தில் குரல் பதிவுக்கும் இடம் கொடுத்திருந்தார். ஆனால் வந்ததெல்லாம் சேவல் கூவல், பக்திப் பாட்டு, பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். ஒரு வீட்டிலிருந்து ரொட்டியைக் கருக விட்டது யார் என்ற புருஷன் பெண்சாதிச் சண்டை முழுசாக வந்து, வகுப்பே கேட்டது. அன்றோடு குரல் பதிவு தடை. அதைப் பற்றிப் பிள்ளைகள் வகுப்பில் சிரித்ததால் இன்னொரு சட்டமும் போட்டார்: போனில் நடந்தது போனோடு, வகுப்பில் அந்தப் பேச்சே கூடாது.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆலோசகர், "வகுப்பறையில சமூக ஊடகத்த எந்த முறையில பாவிக்கிறீங்க?" என்று கேட்டார். "பெரட்டு முறை" என்றார் சார். வந்தவர் அதை ஒரு வெளிநாட்டு அறிஞரின் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும், பயபக்தியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பதுளைக்குப் போனார்.

இப்படிச் சிரிப்பாய் ஓடிக்கொண்டிருந்த பெரட்டில்தான் வினோதினியின் விஷயம் வந்தது. வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி அவள். அவள் அனுப்பிய படங்களில் திடீரென்று பாதிக் கணக்குத்தான் இருந்தது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் ஒரே கறுப்பு. சார் அசரவில்லை. 'பாதிப் படம். அரைப்பேர்.' பதினாலு நாள் தொடர்ந்து அதே தீர்ப்பு. பதினைந்தாம் நாள் குழுவிலிருந்து விரட்டிவிட்டார். அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை.

அடுத்த நாள் அவளுடைய அம்மா முத்துலெட்சுமி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கி வேலைப் பேர விட்டுட்டு வந்திருக்கேன் சார். எம்புள்ளைக்கு ஏன் பதினாலு நாளா அரைப்பேரு?"

"பாதி செஞ்சா பாதிப் பேருதாம்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அவ முழுசாத்தான் செய்யிறா. எனக்கு எழுத்துத் தெரியாது. பக்கம் நெறைஞ்சிருக்கிறதுகூடவா தெரியாது?"

"படத்துல பாதிதானே இருக்கு?"

முத்துலெட்சுமி இடுப்பில் செருகியிருந்த பொலித்தீன் பையைப் பிரித்துப் போனை எடுத்தாள். "கொஞ்சம் நேரா நில்லுங்க சார்." சார் பழக்க தோஷத்தில் சட்டையை இழுத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். ஒரு படம் எடுத்து அவர் முன்னே நீட்டினாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு கண், ஒரு காது, பாதி மீசை. மிச்சமெல்லாம் கறுப்பு.

"மலையில கல்லு மேல விழுந்து கெமரா கண்ணாடி நொறுங்கிப் போச்சி. பாத்தீங்களா, ஒங்களுக்கும் அரைப்பேருதான்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அறையே சிரித்தது.

"சிரிக்காதீங்க டீச்சர்" என்றாள். "அவங்க அப்பா பண்டாரவளையில ஒரு புடவைக் கடையில சொல்லி வெச்சிட்டாரு. ஒண்ணாந் தேதி இவ வேலைக்குப் போகணுமாம். நாம ரெண்டு பேரும் அரைப்பேரு வாங்குனது போதாதா, இவ ஸ்கூலுக்குப் போயி வேற வாங்கணுமாங்கிறாரு. ஓ.எல். பரீட்சைப் பாரத்துல கையெழுத்து வெக்க மாட்டேங்கிறாரு."

என் சிரிப்பு நின்றுபோனது.

"அந்தப் புள்ள எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் சார்.

"எங்க சொல்றது? 'வந்தேன்' தவிர ஒண்ணும் எழுதக் கூடாது. குரல் அனுப்பக் கூடாது. வகுப்புல போன் பேச்சுப் பேசக் கூடாது. நீங்க போட்ட சட்டந்தானே சார்?"

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சுருக்கென்றது. அந்தச் சட்டங்களைச் சொல்லிச் சொல்லி மாதக்கணக்காகச் சிரித்தவள்தானே நான்? வாயில்லாமல் போன பிள்ளைகள் என்ன செய்யும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

மறுநாள் காலை ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. சார்தான். "டீச்சர், தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குப் போறேன். நீங்களும் வாங்க. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்ல."

ஐந்தே முக்காலுக்குக் குழுவில் அவருடைய பாதி முகம் வந்தது. முத்துலெட்சுமியிடம் கேட்டு வாங்கிய அதே படம். கீழே எழுதியிருந்தார்: 'வினோதினியின் பதினான்கும் முழுப்பேர். பிழை என்னுடையது.' கொஞ்ச நேரத்தில் லயம் லயமாக அந்தப் படம் பரவியது. நாங்கள் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் கையில் போனை வைத்துக்கொண்டு சாரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சார் ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். கங்காணிக்குக் கொண்டாட்டம். "சாருக்கு என்ன வேலை போடட்டும்? கவ்வாத்து வெட்டுறீங்களா, புல்லு வெட்டுறீங்களா?"

"மாரிமுத்துவப் பாக்கணும்" என்றார் சார்.

வினோதினியின் அப்பா மாரிமுத்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு முன்னால் வந்தார். சார் தொண்டையைச் செருமினார். கணக்குப் பாடத்தைத் தவிர வேறெதையும் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. "தப்பு எம்மேலங்க. ஒங்க புள்ள முழுசாத்தான் செஞ்சிருக்கு. நான்தான் சரியாப் பாக்காம பேர வெட்டிட்டேன். அதுக்காக அவ படிப்ப நிப்பாட்டிறாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மாரிமுத்து கத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எங்க பேர வெட்டுன ஆளு எத்தனையோ பேரு சார். எங்கப்பா காலத்துலேருந்து பாக்குறோம். ஒருத்தராவது இங்க வந்து தப்பு எம்மேலன்னு சொன்னதில்ல." கையை நீட்டினார். "பாரத்தக் குடுங்க."

பாரம் சாரின் சட்டைப் பைக்குள் நாலாக மடித்துத் தயாராக இருந்தது. கங்காணியின் பேர் பதியும் புத்தகத்தின் மேலேயே வைத்து, மாரிமுத்து எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்றோடு சார் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். அரைப்பேர் போடுவதை அவர் விடவே இல்லை. ஆனால் குரல் பதிவுத் தடையை எடுத்துவிட்டார், மறுநாளே எல்லா லயத்துச் சேவல்களும் வகுப்புக்கு வந்தன. வினோதினி பரீட்சை எழுதி முடித்ததும் சாருக்குப் பதுளைப் பக்கம் இடமாற்றம் வந்தது. போகும்போது யாரிடமும் சரியாக விடைகூடப் பெறவில்லை, கோபக்கார மனுசன்.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று பின்னேரம் போன் அடித்தது. "டீச்சர், வினோதினியோட பரீட்சைச் சுட்டெண்ணப் போட்டுப் பாத்தேன். கணக்குல ஏ."

"தெரியும் சார். அவளும் அவ அப்பாவும் இப்பதான் வந்து சொல்லிட்டுப் போறாங்க. மேல ஏ.எல். படிக்கப் போறாளாம்."

சிக்னல் போய்விட்டதாக்கும் என்று ஹலோ, ஹலோ என்று இரண்டு தரம் கத்தினேன். பிறகுதான் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் கேலி பண்ணியே ஆளைக் கொன்றிருப்பேன். அன்றைக்கு மனசு வரவில்லை. அந்த மனுசன் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.