விவாகரத்துக்கு வந்த ஓடிபி

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி செவ்வந்தியை விவாகரத்து செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அதுவும் அவள் சொன்ன வேலையை முடித்த பிறகுதான். கறி வாங்கி வர அனுப்பிவிட்டாள். வாங்கி வந்துதான் எடுக்க முடிந்தது.

காரணத்தை லேசாக நினைத்துவிடாதீர்கள். கறிப் பையோடு வருகிறேன், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் என் கேரம் போர்டு வெயிலில் கிடக்கிறது. நான் வேலை பார்க்கும் சுரங்கத்தில் எங்கள் கன்வேயர் செக்‌ஷன் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கித் தந்த போர்டு. (ஆடியதே இரண்டு பேர்தான் என்பது வேறு கதை.) அதன்மேல் துணி விரித்து வரிசை வரிசையாக வடகம் பிழிந்திருக்கிறாள்.

"என்னடி இது?"

"வடகம்."

"அது தெரியுது. அடியில?"

"பலகை."

பலகை! என் உடம்பெல்லாம் எரிந்தது.

"இதுல எப்பேர்ப்பட்ட ஆட்டமெல்லாம் ஆடியிருக்கேன் தெரியுமா?"

"இப்பவும் ஆடிக்கினுதாங்க இருக்குது. அந்த மூலையில ஒரு செங்கல்லு முட்டுக் குடுங்க."

முட்டுக் கொடுத்தேன். குனிந்து நிமிரும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

அந்த வாரமே ஷிப்ட் முடித்து நேராக வடலூருக்குப் பஸ் ஏறி வக்கீல் பன்னீர்செல்வம் முன்னால் உட்கார்ந்தேன்.

"அடிக்கிறாங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"சந்தேகம் கிந்தேகம்?"

"சேச்சே."

"அப்புறம் என்னதான் பிரச்சினை?"

"வடகம்."

பேனா மூடியைக் கழற்றினார். பிறகு தாளில் 'கடும் மன உளைச்சல்' என்று எழுதிக்கொண்டார். படித்தவர் படித்தவர்தான்.

"சம்பள சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப்., இன்சூரன்ஸ், வருமான வரி எல்லாம் எடுத்துட்டு வாங்க. ஜீவனாம்சம் எவ்வளவுன்னு கோர்ட்டு அதை வெச்சுத்தான் சொல்லும். ஒண்ணு மட்டும் கவனம். வீட்டம்மாவுக்குத் தெரியவே கூடாது. வெளியில குமாஸ்தாகிட்ட பேரும் போன் நம்பரும் சொல்லிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு வந்தேன். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு மீசை கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்து மெயின் பஜாரில் மீரான் மைதீனின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். முதலில் பி.எஃப். கணக்கிலிருந்து தொடங்குவோம் என்றேன். மீரான் டொக் டொக்கென்று தட்டினார்.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கண்ணே."

என் போனைப் பார்த்தேன். டேட்டா தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி இருந்தது. அவ்வளவுதான்.

"அண்ணே, இதுல வேற நம்பர்ல இருக்கு."

எட்டிப் பார்த்தேன். செவ்வந்தி நம்பர்.

இதில் அவள் சதி ஒன்றும் இல்லை. நான் வருஷத்துக்கு ஒரு போனை மழைத் தண்ணீரில் போடுகிறவன். வங்கியானாலும் ஆதாரானாலும், யார் நம்பர் கேட்டாலும், "அவ நம்பரையே போட்டுக்குங்க, எனக்கெதுக்கு அந்தத் தொல்லை" என்பேன். தொல்லையில்லாமல் வாழ்கிறேன் என்று பெருமை வேறு. இப்போது புரிந்தது. என் பணம், என் பாலிசி, என் வரி, எல்லாவற்றுக்கும் கதவு என்னுடையது. சாவி அவள் இடுப்பில்.

வேறு வழியில்லை. போன் போட்டேன்.

"செவ்வந்தி, உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கா?"

"வந்திருக்குதே. 'இதை யாருக்கும் சொல்லாதீர்கள்'னு போட்டிருக்குது."

"எனக்குச் சொல்லலாம்."

"நீங்க யாரு?"

"உன் புருஷன்டி!"

"புருஷனுக்கு மட்டும் சொல்லலாம்னு போடலீங்களே. எதுக்குக் கேக்குறீங்க?"

"ஆபீஸ்ல கேக்கறாங்க."

"ஆபீஸ்லயா? மிக்சி ஓடுற சத்தம் கேக்குது. ஆபீஸ்ல ஜூஸ் போடறாங்களா?"

மீரான் கடைக்கு அடுத்த கடை ஜூஸ் கடை. "ம்... போடறாங்க" என்றேன்.

"ரொம்ப நல்லது. வர்றப்ப பாப்பாவுக்கு ஒரு சாத்துக்குடி வாங்கிக்கினு வாங்க. இப்ப எழுதிக்குங்க, சொல்றேன்."

ஜூஸோடு பி.எஃப். முடிந்தது. மற்றதை என் போனிலேயே எடுக்கலாம் என்று மீரான் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து பேங்க் கணக்கைத் தட்டினேன். அடுப்படியில் அவள் போன் சிணுங்கியது.

"செவ்வந்தி, அந்த நம்பரு..."

"கையெல்லாம் மாவுங்க. பாப்பா வாயில சோத்தை அடக்கிக்கினு உக்காந்திருக்குது. அத முழுங்க வைங்க. நான் கை கழுவிக்கினு வர்றேன்."

எங்கள் பாப்பாவுக்கு மூன்று வயது. அது முழுங்குவதற்குக் கதை வேண்டும். கதையில் யானை வேண்டும். யானை குளிக்க வேண்டும். யானையை நான் குளிப்பாட்டி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிட்டது. மறுபடி அனுப்பினேன். மறுபடி யானை அழுக்கானது. கிண்ணம் காலியானபோதுதான் ஸ்டேட்மென்ட் வந்தது.

இப்படியே போயிற்று. இன்சூரன்ஸ் ஓடிபிக்கு ஒரு முழுப் பலாப்பழம் உரித்தேன். கையில் எண்ணெய் தடவாமல் உட்கார்ந்ததில் விரலில் பால் ஒட்டி, போன் என் விரலையே அடையாளம் தெரியாது என்றுவிட்டது. வருமான வரி ஓடிபிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தேன். சம்பள சீட்டு வாங்கிய அன்று பாப்பாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். விவாகரத்து வாங்க இவ்வளவு குடும்பம் நடத்த வேண்டியிருக்கும் என்று வக்கீல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோப்பு தடித்தது. ஆனால் ஒரு சங்கடம். பாப்பா என் கையால் தவிர யார் கையாலும் சாப்பிட மறுத்தது. ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கோப்பைக் கையில் எடுத்தால் மறுபடி அலமாரியில் வைத்துவிடத் தோன்றியது. ஆனாலும் எடுத்த முடிவு எடுத்த முடிவு. வக்கீலிடம் ஃபீஸில் பாதி வேறு கொடுத்தாயிற்று.

எல்லாம் சேர்ந்த மறுநாள் கோப்பைப் பையில் போட்டு, செருப்பை மாட்டினேன்.

"எங்கங்க?"

"ஓ.டி. பாக்கப் போறேன்."

"வடலூர்லயா ஓ.டி.?"

திரும்பினேன். புடவை கட்டி, பூ வைத்து, பாப்பாவுக்குக் கவுன் மாட்டி, சாப்பாட்டுப் பையோடு நிற்கிறாள்.

"வக்கீல் ஆபீஸ்ல நம்பர் கேட்டப்ப யாரு நம்பரைக் குடுத்தீங்க?"

பழக்கதோஷம்! வாயில் வருகிற ஒரே நம்பர் அவளுடையது. என் நம்பர் எனக்கே மனப்பாடம் கிடையாது.

போனை நீட்டினாள். 'தங்கள் விவாகரத்து வழக்குக்கான ஆவணங்களுடன் விரைவில் வரவும்.' நான் வடலூர் போன அன்றைக்கே வந்திருக்கிறது.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சதுகூடத் தெரியாம நின்னுக்கினு இருந்தேன்." முதல் முறையாக அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டு நாளு அழுதேன். அப்புறம் யோசிச்சேன். கேசு நடக்கணும்னா பேப்பர் வேணும். பேப்பர் வேணும்னா ஓடிபி வேணும். அது எங்கிட்டதான் இருக்குது. பின்ன நான் எதுக்கு அழுவணும்?"

"அப்புறம் ஏன்டி எல்லாத்தையும் சொன்ன?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கினு இருக்கேன். இந்த வூடு கம்பெனி வூடு, நீங்க ரிட்டையர் ஆனா சாவியக் குடுன்னுடுவாங்க, வடலூர்ல ஒரு மனை வாங்கி லோன் போடுவோம், பேப்பர் எடுத்துக் குடுங்கன்னு. கேட்டீங்களா? ஷிப்டு ஷிப்டுன்னீங்க. வக்கீல் ஒரு வாட்டி சொன்னாரு, ஓடி ஓடி எடுக்குறீங்க. பேங்குல கேக்குறதும் இதே பேப்பருதான். எடுக்கட்டும்னு வுட்டுட்டேன்."

கடைசியாக வீரமாக ஒன்று கேட்டேன்.

"நான் இப்ப வக்கீல்கிட்டயே போறேன்னு சொன்னா?"

"போங்க. மீதி ஃபீஸை அனுப்பறப்ப ஒரு நம்பர் வரும். போன் பண்ணுங்க, சொல்றேன்."

மூன்று பேரும் பஸ் ஏறினோம். பாப்பா மட்டும் ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தது. வடலூரில் இறங்கியதும் செவ்வந்தி நின்றாள்.

"இந்தப் பக்கம் வக்கீலு. அந்தப் பக்கம் பேங்கு. பேப்பர் உங்க கையிலதான் இருக்குது. நீங்களே முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டுப் பேங்க் பக்கம் நடந்தாள். நான் தெருவில் நின்றேன். இவ்வளவு பெரிய முடிவை இதுவரை யாரும் என்னிடம் விட்டதில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை. தோளில் இருந்த பாப்பா, "பசிக்குதுப்பா, நீ ஊட்டு" என்றது. கோப்பு என்னிடம். சோறு அவளிடம். நடந்தேன். கொஞ்சம் வேகமாகவே நடந்தேன்.

பேங்கில் லோன் அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"வீட்டு லோனுக்கு வர்ற ஆம்பளைங்கள்ல இவ்வளவு பக்காவா பேப்பர் கொண்டுவந்தவரு நீங்கதான் சார். குடும்பத்து மேல ரொம்பப் பாசம் போல."

செவ்வந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பாப்பாவின் கவுனைச் சரிசெய்தேன்.

"லோன் ரெண்டு பேர் பேர்லயும். இருபது வருஷம். நடுவுல ஒருத்தர் மட்டும் நான் விலகிக்கிறேன்னு போக முடியாது. முழு சம்மதமா சார்?"

என் கல்யாணத்தில்கூட யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு குடும்பத் தலைவனாக ஆழ்ந்து யோசித்தேன். பிறகு செவ்வந்தியைப் பார்த்தேன்.

"சம்மதம்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.